கையெழுத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை

எங்கள் தெருக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர் ஐயா, செயலாளர் மாமா, பொருளாளர் அண்ணன், நிர்வாகக் குழுவில் இருக்கிற அத்தைமார், சித்தப்பாமார் எல்லோருக்கும் வணக்கம்.

நம் தெரு நீளத்துக்கும் ஓடுகிற கிருதுமால் வாய்க்கால் மேல் கான்கிரீட் ஸ்லாப் போட்டு மூடித் தரச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துத் தாள் வீடு வீடாக வருகிறது. போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கும் வந்தது. "மக வேலைக்குப் போயிருக்கா, வந்ததும் கேட்டுட்டுப் போடுறேன்" என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டார். நான் போடப் போவதில்லை. அதற்கான காரணத்தைச் சங்கக் கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது. தெருவில் எல்லோரும் படிக்கட்டும் என்று மடலாக எழுதுகிறேன்.

இன்னொரு முடிவும் அதே கூட்டத்தில் எடுத்திருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளுக்கு நான் படம் போட்டுக் காட்டுவதை நிறுத்திவிட்டீர்கள். உங்களுக்கு இவை இரண்டு தனித்தனித் தீர்மானங்கள். எனக்கு ஒன்றுதான். ஏனென்றால் அந்தப் படங்கள்தான் பிள்ளைகளை வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தன.

"ஏம்மா, பொம்மப் படத்தக் காட்டிப் புள்ளைகள சாக்கடைக்குக் கூட்டிட்டுப் போறியே, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று செயலாளர் மாமா கேட்டார். கேட்டது நியாயம். போன மார்கழியில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பையனுக்குக் காலில் கண்ணாடி கிழித்து நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அது என் தவறு. ரப்பர் செருப்போடு வந்த பிள்ளையைக் கரைக்குக் கீழே இறங்க விட்டிருக்கக் கூடாது. அன்றே அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன், இங்கும் சொல்கிறேன். அன்றிலிருந்து பதினெட்டு வயதாகாத யாரும் தடுப்புச் சுவரைத் தாண்டுவதில்லை. பெரியவர்களான நாங்களும் கம்பூட்ஸ், கையுறை போட்டுக்கொண்டு கரையில் நின்று நீளக் கொக்கியால்தான் பிளாஸ்டிக்கை இழுக்கிறோம். கழிவுத் தண்ணீருக்குள் ஒருவரும் இறங்குவதில்லை. இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு படமே காரணம். மதுரையைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி.அமுதன் 2003இல் எடுத்தது. நம் ஊரின் ஒரு தெருவில் ஒரு துப்புரவுப் பணியாளர் வெறும் விளக்குமாறும் சாம்பலும் வைத்துக்கொண்டு மனித மலத்தை அள்ளுவதைக் கேமரா விலகாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கல்லூரியில் படிக்கும்போது பார்த்தேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. நான் குப்பையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது அந்தப் படத்துக்குப் பிறகுதான். யாரையோ இறக்கிவிட்டு நாம் மேலே நிற்கக் கூடாது என்பது அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

இப்போது பொம்மைப் படத்துக்கு வருகிறேன். மாமா, நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள், ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்த கதையை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றம், அதே கட்டடத்தில் நூலகம், சாயங்காலம் ஆனால் படம். ஊர்க் காரியமும் வாசிப்பும் சினிமாவும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த இடம். அதைத்தான் சின்ன அளவில் நம் சங்கக் கட்டடத்தில் செய்து பார்த்தேன். ஷின்சானும் டோரேமானும் தமிழ் பேசிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அனிமே என்கிற ஜப்பானியப் பொம்மைப் படம் என்றால் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறோம்; 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தபோது வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருந்தால் அந்த எண்ணம் போயிருக்கும். நம் தெருக் கல்லூரிப் பிள்ளைகளே ஏழு பேர் போனார்கள்.

நான் போடும் படங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் ஓடும். திரைக்கு ஓரமாக நின்று நம் தமிழில் நான் சொல்லிக்கொண்டே போவேன். பேசாத படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளிலும் இப்படி ஒருவர் நின்று கதை சொல்லியிருக்கிறார். ஜப்பானில் அவருக்குப் பென்ஷி என்று பெயர், நடிகர்களுக்கு நிகரான புகழ் அவர்களுக்கு இருந்தது. நான் முதலில் போட்டது ஹயாவோ மியாசாகி 2001இல் எடுத்த ஸ்பிரிட்டட் அவே. அதில் ஒரு குளியல் விடுதி. சேறும் நாற்றமுமாக ஓர் உருவம் அங்கே குளிக்க வருகிறது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்க, பத்து வயது சிஹிரோவை அதற்குத் தண்ணீர் ஊற்ற விடுகிறார்கள். அதன் விலாவில் ஏதோ முள் மாதிரி குத்தி நிற்பதை அவள் பார்த்துவிடுகிறாள். கயிறு கட்டி எல்லோரும் சேர்ந்து இழுத்தால் வருவது ஒரு சைக்கிள். அதன் பின்னாலேயே ஒரு மலை அளவு குப்பை சரிந்து வருகிறது. எல்லாம் போனதும்தான் தெரிகிறது, வந்தது நாற்றப் பேய் இல்லை, பெயர் பெற்ற ஓர் ஆற்றின் தெய்வம். மியாசாகி இதைக் கற்பனையில் மட்டும் எடுக்கவில்லை. தன் ஊர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போன இடத்தில் அவரே சைக்கிள் ஒன்றை இழுத்து வெளியே எடுத்திருக்கிறார். அந்த அனுபவம்தான் படத்தில் வந்தது.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒன்று கேட்டது: "அக்கா, நம்ம வாய்க்காலுக்கும் குத்துதா?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் கரையில் நின்று கயிறு போட்டு இழுத்ததில் பழைய தையல் மிஷினின் இரும்புக் கால் ஒன்று வந்தது. அந்த இடத்தில் இரண்டு வருடமாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர் அன்று சாயங்காலம் நகர ஆரம்பித்தது.

இதற்கு அடுத்துப் போட நினைத்திருந்த படத்துக்குத்தான் கட்டடச் சாவி கிடைக்காமல் போயிற்று. அதன் கதையை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் யனகவா என்று ஒரு ஊர். ஊர் முழுக்க வாய்க்கால்கள், முன்னோர் கையால் வெட்டியவை. குடிக்கவும் குளிக்கவும் வயலுக்கும் அந்தத் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் வந்ததும் வாய்க்காலை மறந்தார்கள். கழிவைத் திறந்து விட்டார்கள், குப்பையைக் கொட்டினார்கள், தண்ணீர் நின்றது, கொசு வந்தது, நாறியது. நம் கதையேதான். 1977இல் நகராட்சி ஒரு திட்டம் போட்டது: கொஞ்சம் வாய்க்காலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கான்கிரீட் போட்டு மூடிவிடலாம். அந்த வேலையைச் செய்ய வேண்டிய பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவர் ஹிரோமட்சு என்ற அலுவலர். பெரிய அதிகாரி இல்லை, கழிவுநீர்க் கால்வாய்ப் பிரிவில் ஒரு பொறுப்பாளர். அவர் மேயரிடம் போய், இதை மூடினால் ஊர் அழிந்துவிடும் என்று வாதாடினார். தன் வேலைத் திட்டத்தைத் தானே நிறுத்தச் சொல்லிக் கேட்டார். மேயர் அவகாசம் கொடுத்தார். ஹிரோமட்சு வாய்க்கால்களின் வரலாற்றையும் தண்ணீர் ஓடும் வழியையும் படித்து எழுதினார். பிறகு தெருத் தெருவாகப் போய் மக்களோடு உட்கார்ந்து பேசினார். அவரே சேற்றில் இறங்கினார், ஊரும் இறங்கியது. இன்றைக்கும் வருடத்தில் ஒரு தடவை, பிப்ரவரி மாதம், மதகை அடைத்துத் தண்ணீரை வடித்துச் சுத்தம் செய்கிறார்கள். படகில் ஏறி அந்த வாய்க்கால்களைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் யனகவாவுக்குப் போகிறார்கள்.

இதைப் படமாக எடுத்தவர் இசாவோ டக்காஹாட்டா, அனிமே உலகத்தின் மிகப் பெரிய இயக்குநர்களில் ஒருவர். அனிமேஷன் படம் ஒன்றுக்காக இடம் பார்க்க யனகவா போனவர் அந்த ஊர்க்காரர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு, பொம்மைப் படத்தை விட்டுவிட்டு நிஜ மனிதர்களையே படம் பிடித்தார். அதற்குப் பணம் போட்டவர் மியாசாகி. தன் முந்தைய படத்தில் சம்பாதித்ததை இதில் கொட்டினார். 1987இல் வெளிவந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் வாய்க்கால், மதகு, சேறு, கூட்டம் போட்டுப் பேசுகிற கிழவர்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நம் சங்கக் கூட்டம்தான் கண்ணில் நின்றது. பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "அதெல்லாம் நடக்காதுப்பா" என்று சொல்கிற பெரியவர்கூட அதில் இருக்கிறார்.

நம் வாய்க்காலுக்கு வரலாறு இல்லையா? கிருதுமாலை என்பது அதன் முழுப்பெயர். வைகை ஒரு பக்கம், இது ஒரு பக்கம், இரண்டும் மதுரைக்குப் போட்ட மாலை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாகவதத்தில் திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் தர்ப்பணம் செய்யக் கையில் அள்ளிய தண்ணீரில் ஒரு சின்ன மீன் வருமே, மச்சாவதாரம், அந்தத் தண்ணீர் கிருதமாலை நதியின் தண்ணீர். துவரிமான் பக்கத்திலிருந்து புறப்பட்டு, ஊருக்குள் நுழைந்து, விருதுநகர் மாவட்டம் நரிக்குடிப் பக்கம் வரை வயலுக்குப் போன ஆறு. என் அப்பத்தா சாகும் வரை இதைச் சாக்கடை என்று சொன்னதில்லை. "ஆத்துப் பக்கம் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வார். அவர் துவைக்க இறங்கிய படித்துறையில் மேல் மூன்று படி இன்னும் தெரிகிறது, கவனித்திருக்கிறீர்களா?

கொசுவும் நாற்றமும் பெரிய துன்பம்தான், மறுக்கவில்லை. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், காய்ச்சல் காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் வளர்கிறது, நம் மாடி டிரம்மிலும் பழைய டயரிலும். ஸ்லாப் அதை ஒன்றும் செய்யாது. தேங்கிய சாக்கடையில் வளர்கிற கொசுவுக்கோ வெளிச்சம் இல்லாத மூடிய வாய்க்கால் இன்னும் வசதி. மூடிவிட்டால் நாற்றம் தெருவுக்கு வராது, சரி. உள்ளே சேருகிற வண்டலை யார் அள்ளுவது? எந்த வழியாக அள்ளுவது? மேலே வண்டி நிறுத்தப் பழகிவிட்டால் ஸ்லாப்பைத் தூக்க யார் விடுவார்கள்? கடைசியில் அந்தப் பொந்துக்குள் ஒரு மனிதரைத்தான் இறக்குவார்கள். மழைத் தண்ணீருக்கும் போக இடம் இருக்காது. 2024 அக்டோபர் 25ஆம் தேதி செல்லூரில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கித் தெருவுக்குள் வந்ததை எல்லோரும் பார்த்தோம். பொருளாளர் அண்ணன்தான் அன்று ராத்திரி அங்கே தன் தங்கை வீட்டுக்குச் சோறு கொண்டுபோனார். அடுத்த மழை நம் பக்கம் பெய்தால் என்ன செய்வோம்?

பிள்ளைகள் கரையில் நடந்து, வாய்க்காலுக்குள் வந்து விழுகிற குழாய்களை ஒரு நோட்டில் படம் போட்டுக் குறித்திருக்கிறார்கள். நம் தெருவிலிருந்தே ஏழு. அதில் ஒன்று எங்கள் வீட்டுக் குழாய். எனக்கு அதுவரை தெரியாது, அப்பா காலத்தில் போட்டது. போன மாதம்தான் அதைப் பாதாள சாக்கடையோடு இணைத்தோம். மற்ற ஆறு வீடு எதுவென்று இந்த மடலில் எழுத மாட்டேன், ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து நானே பேசுகிறேன். வைகை உடைத்தபோது பாண்டியன் வீட்டுக்கு இவ்வளவு கரை என்று அளந்து கொடுத்தான், வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு வந்தது. ஒவ்வோர் ஆவணியிலும் புட்டுத்தோப்புக்குக் குடும்பத்தோடு போய் அந்தக் கதையைக் கும்பிட்டு வருகிறோம். ஏழு குழாய் நம் பங்கு. அதை அடைத்துவிட்டு, மேலே வேறு எங்கிருந்தெல்லாம் கழிவு வருகிறது என்ற கணக்கோடு மாநகராட்சியிடம் போவோம். மனுவில் ஸ்லாப்புக்குப் பதிலாகத் தூர்வாரலையும் கழிவு இணைப்புகளைத் துண்டிப்பதையும் கேட்போம். நடக்காது என்று சொல்லாதீர்கள். மாரியம்மன் தெப்பக்குளம் எத்தனை வருடம் வறண்டு கிடந்தது, உங்கள் பிள்ளைகளே அதற்குள் கிரிக்கெட் ஆடியவர்கள்தானே? பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்ததும் அதில் படகு விட்டார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு மாலை. வருகிற சனிக்கிழமை ஆறு மணிக்குச் சங்கக் கட்டடத்துச் சாவியைக் கொடுங்கள். யனகவா படத்தைப் போடுகிறேன், ஓரமாக நின்று ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்கிறேன். பாதியில் நிறுத்திப் பணியாரமும் டீயும் கொடுக்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். மனுத் தாளையும் கொண்டு வாருங்கள். படம் முடிந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு எல்லோருமாக அப்பத்தாவின் படித்துறை வரைக்கும் நடப்போம். பிள்ளைகள் நோட்டோடு கூட வருவார்கள், எந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள். அதற்குப் பிறகும் ஸ்லாப்தான் என்று பெரும்பாலானவர்கள் சொன்னால் நான் தடுக்க மாட்டேன், என் கையெழுத்து மட்டும் அதில் இருக்காது.

தலைவர் ஐயாவுக்கு முழங்கால் வலி என்று தெரியும். கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை முன்வரிசையில் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
மூன்றாவது சந்து, வேப்பமரத்து வீட்டுப் பெண்