பதினொன்று வரை எண்ணு

அன்புள்ள கதிர்,

கிதார் ஆம்பை விற்றுவிட்டாயாமே, கௌதம் சொன்னான். ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. சம்பாதிக்கிற பிள்ளை, வாங்குவதும் விற்பதும் உன் இஷ்டம். கிதார் இருக்கிறதல்லவா? அது போதும். ஆம்ப் இல்லாமலே வாசிக்கிற மாதிரியும், ஹெட்ஃபோனில் கேட்கிற மாதிரியும் சில பாட்டுகளை எழுதி அனுப்புகிறேன். எல்லாம் நீ இருக்கிற ஊர்ப் பாட்டு, அக்கம்பக்கத்து ஊர்ப் பாட்டு. பிரிஸ்பேனில் உட்கார்ந்துகொண்டு இன்னும் அமெரிக்காவின் சியாட்டில் ராக் ஆட்களையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி?

முதலில் காது. போன தடவை பேசும்போது காதுக்குள் குய்ங் என்று சத்தம் வருகிறது என்றாய். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. கணக்கு இதுதான், மறக்காதே. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு மணி, 100 என்றால் வெறும் கால் மணி. ராக் கச்சேரி நடக்கிற சின்ன ஹாலில் 100 சாதாரணம். ஃபோம் பஞ்சை வெறுமனே காதில் அமுக்கினால் பயனில்லை. விரலால் உருட்டி மெல்லிசாக்கு, எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழு, உள்ளே விட்டு அது விரியும் வரை அரை நிமிஷம் பிடித்துக்கொள். ‘மை பிளடி வேலன்டைன்’ என்ற ராக் குழுவின் கச்சேரிகளில் வாசலிலேயே காதுப் பஞ்சு கொடுத்தார்கள். வாசிக்கிறவர்களே அவ்வளவு பயப்படும்போது நீ ஏன் வீரம் காட்ட வேண்டும்? சத்தம் இன்னும் நிற்கவில்லை என்றால் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்டைப் பார். தள்ளிப்போடாதே.

இப்போது பாட்டு. ஒன்றே ஒன்றுதான் கேட்பாய் என்றால் இதைக் கேள்: ‘தி கோ-பிட்வீன்ஸ்’ குழுவின் ‘கேட்டில் அண்ட் கேன்’. 1983, ‘பிஃபோர் ஹாலிவுட்’ ஆல்பம். உன் ஊர்க் குழு. கிராண்ட் மெக்லென்னன், ராபர்ட் ஃபார்ஸ்டர், டிரம்ஸில் லிண்டி மாரிசன், அப்போது மூன்றே பேர். மெக்லென்னன் லண்டனில் இருந்தபோது ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவின் கிதாரை எடுத்து வாசித்து உருவாக்கிய பாட்டு இது. இருந்தது லண்டனில், பாடியது உன் மாநிலமான குயின்ஸ்லாந்தை. பள்ளிக்கூடப் பையன் கரும்புக்காட்டு வழியே தகரமும் மரமும் சேர்த்துக் கட்டிய வீட்டுக்குத் திரும்புகிறான். அப்பாவின் கைக்கடிகாரம் ஒன்று வருகிறது. மெக்லென்னன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார், அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த ஒரு வரி தொண்டையில் நிற்கும். கடைசியில் ஃபார்ஸ்டர் வந்து சில வரிகளைப் பாடாமல் பேசிவிட்டுப் போவார். அதைத் தவறவிடாதே. வேலை செய்துகொண்டே கேட்டால் அது காதில் விழாது.

வாசிக்கப் போனால் முதலில் கை தடுமாறும். நாலு நாலாக எண்ணினால் ஒட்டவே ஒட்டாது. ஐந்து, இரண்டு, நாலு, ஆகப் பதினொன்று. கிதாரைத் தொடாமல் முதலில் வாயால் சொல்: தகதகிட, தக, தகதிமி. தொடையில் தட்டிக்கொண்டு மெட்ரோநோமை 60இல் வைத்துச் சொல். எல்லாரும் தப்புவது நடுவில் வரும் அந்த ‘தக’வில். அதை அவசரமாக விழுங்கிவிட்டுப் பத்தாக்கிவிடுவார்கள், இல்லை அதில் நின்று பன்னிரண்டாக்கிவிடுவார்கள். வாய் தடுமாறாமல் வந்த பிறகு கையில் எடு. பேஸ் வரியை முதலில் பிடி, ஸ்ட்ரம்மிங் அப்புறம். இந்தப் பாட்டு பேஸில்தான் நிற்கிறது. உன் தாளக் கைக்கு இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. மிஸ்ர சாபு வாசித்த மிருதங்கக்காரருக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு அடிகூடத் தப்பாமல் ஸ்ட்ரம் பண்ணின பிள்ளை நீ. அந்த நாளை இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார் உன் அப்பா.

இன்னொன்று. இந்தப் பாட்டைத் தன் அம்மாவைச் சந்தோஷப்படுத்தத்தான் எழுதினேன் என்று மெக்லென்னன் சொல்லியிருக்கிறார். அம்மா இருந்த மாட்டுப்பண்ணைக்கு மின்சார லைன் வரவில்லை, ரெக்கார்டைப் போட்டுக் கேட்க வழியில்லை, அதனால் ஃபோனில் பாடிக் காட்ட வேண்டியிருக்கிறது என்றார். 1983இல், ஃபோனில்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பதிலுக்கு ஃபோனில் கட்டைவிரல் பொம்மை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மெக்லென்னன் 2006இல் 48 வயதில் போய்விட்டார். பிரிஸ்பேன் ஆற்றின் மேல் 2010இல் திறந்த பாலத்துக்கு ‘கோ பிட்வீன்’ என்றே பெயர் வைத்தார்கள், வெஸ்ட் எண்ட் பக்கம் இருக்கிறது. நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப் பாதை உண்டு. சாயங்காலம் ஒரு நடை போய்வா. அறைக்குள்ளேயே கிடக்காதே. வெளியே நடக்கும்போது மட்டும் ஒரு காதைத் திறந்து வை, சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள்.

அதே குழுவின் 1988 பாட்டு ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்’. மேலோட்டமாகக் கேட்டால் வெயில் அடிக்கிற பாட்டு. அமாண்டா பிரவுனின் குரல் பின்னால் வந்து சேரும்போது இன்னும் வெளிச்சமாகிவிடும். வரிகளைக் கவனித்தால் கசாப்புக்காரர் கத்தி தீட்டுகிறார், அடிவாங்குகிற மனைவிகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். சிரித்த முகத்தோடு பேசுகிறவர்களை நம்பிவிடக் கூடாது என்று இந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும். உன் குரலும் ஃபோனில் எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

‘தி சர்ச்’ உனக்குத் தெரிந்திருக்கும். ‘அண்டர் தி மில்கி வே’, 1988, ‘ஸ்டார்ஃபிஷ்’ ஆல்பம். ஆம்ப் இல்லாமல் வாசிக்க இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது. ஏ மைனரில் ஆரம்பி. ஆறாவது ஸ்ட்ரிங்கில் இரண்டாவது ஃப்ரெட்டுக்குப் போ, அது எஃப் ஷார்ப். அங்கிருந்து முதல் ஃப்ரெட், எஃப் மேஜர் 7. இந்த பேஸ் இறக்கம்தான் பாட்டின் முதுகெலும்பு. இரண்டாவது கார்டில் ஐந்தாவது ஸ்ட்ரிங் திறந்தபடி முழங்கினால் இறக்கம் காதில் விழாது, எல்லாம் மங்கிவிடும். ஆறாவது ஸ்ட்ரிங்கை அழுத்துகிற அதே விரலின் நுனி ஐந்தாவதை லேசாகத் தொடட்டும், அது வாயை மூடிக்கொள்ளும். நடுவில் நாதஸ்வரமோ ஏதோ என்று திகைக்க வைக்கிற ஒரு சோலோ வரும். அது ஈபோ. கையில் பிடிக்கிற சின்ன பேட்டரிக் கருவி, காந்தப் புலத்தால் ஸ்ட்ரிங்கைத் தொடாமலே அதிரவைத்துக்கொண்டிருக்கும். அதைச் சின்தசைசரில் போட்டுத் திரித்திருக்கிறார்கள். அதை வாசிக்க ஆசைப்படாதே, வாயால் பாடிக்கொள்.

‘தி டிரிஃபிட்ஸ்’ பெர்த்துக்காரர்கள். ‘வைட் ஓப்பன் ரோட்’, 1986, ‘பார்ன் சாண்டி டிவோஷனல்’ ஆல்பம். சிட்னிக்குப் போக நல்லர்பார் வெளி வழியாக ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் வேனிலேயே போய்வந்தவர்கள். அந்த வழியில் இருக்கிற காய்குனாவுக்கும் நார்ஸ்மனுக்கும் நடுவில் அந்த ஹை-ஏஸ் வேன் கங்காருக்கள் மீது அடிக்கடி மோதிக்கொள்ளுமாம். டிரம்ஸும் பேஸும் கீபோர்டும் திரும்பத் திரும்ப ஒரே சீராக ஓடுவதைக் கேட்டதும் அந்தச் சாலைதான் நினைவுக்கு வந்தது என்று டேவிட் மெக்கோம்ப் சொல்லியிருக்கிறார். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதே, அடியில் இருக்கிற முழக்கம் முழுக்கக் காணாமல் போய்விடும், குரல் மட்டும் மிஞ்சும். ஹெட்ஃபோனில் கேள், பாதிக்கு மேல் வால்யூம் வைக்காதே.

‘தி செயிண்ட்ஸ்’ பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. ‘ஸ்ட்ராண்டட்’, 1976 செப்டம்பர், தங்கள் சொந்த ரெக்கார்டு லேபிளில் 500 பிரதி அடித்தார்கள். பிரிஸ்பேன் பையன்கள், லண்டனில் எந்தப் பங்க் குழுவும் ரெக்கார்டு போடுவதற்கு முன்னால் போட்டுவிட்டார்கள். ஊரில் யாரும் சீண்டவில்லை, லண்டன் பத்திரிகை தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. கிதார் ஒரே சுவராக நிற்கும், சின்ன இயர்ஃபோனில் எரிச்சலாகக் கேட்கும். ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினால் எரிச்சல் அடங்கும். காலையில் எழுந்திருக்க மனசே வராத நாளில் போட்டுக்கொள்.

அதே மாதிரி எழுப்பிவிடுகிற இன்னொன்று, நியூசிலாந்திலிருந்து: ‘தி கிளீன்’ குழுவின் ‘டாலி ஹோ!’. 1981. பதிவுச் செலவு ஐம்பது டாலர்தான். ஃப்ளையிங் நன் லேபிளுக்கு அதுதான் வழி திறந்துவிட்டது. அந்த ஆர்கனை வாசித்தவர் மார்ட்டின் ஃபிலிப்ஸ், அவருடைய குழு ‘தி சில்ஸ்’. ‘தி சில்ஸ்’ என்றதும் நீ ‘பிங்க் ஃப்ராஸ்ட்’டைத் தேடுவாய். நல்ல பாட்டு, மிக நல்ல பாட்டு. துள்ளலாக ஆரம்பித்துச் சட்டென்று தரை இறங்குகிற அந்தத் திருப்பத்தை அதற்குப் பிறகு யாரும் அவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் புல் 1983இல் லுக்கீமியாவில் இறந்தார், அடுத்த வருஷம்தான் அது வெளிவந்தது. ஆனால் கதிர், அதை இப்போது கேட்காதே. ராத்திரியில் தனியாக வேண்டாம். ஜாய் டிவிஷனும் வேண்டாம், நிக் டிரேக்கின் கடைசி ஆல்பமும் வேண்டாம். அவை எங்கும் ஓடிப்போகாது. இங்கே வந்த பிறகு ஹாலில் போட்டு எல்லாரும் சேர்ந்து கேட்போம்.

சேகர் மாமா விஷயம் உனக்குத் தெரியும். அவரும் முதலில் டேப்ரிக்கார்டரைத்தான் விற்றார்.

சரி, விடு. கோர்ட்னி பார்னெட். ‘டிப்ரெஸ்டன்’, 2015. மெல்போர்னில் வீடு பார்க்கப் போகிறார்கள் இரண்டு பேர். இறந்துபோன ஒரு பாட்டியின் வீடு. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, சமையலறையில் டப்பாக்கள், வியட்நாமில் எடுத்த ஒரு இளைஞனின் ஃபோட்டோ. பெரிதாக எதுவும் நடக்காது. பாட்டு முழுக்க மெதுவாக உருள்கிற கார்டுகள். பார்னெட் இடதுகைக்காரர், பிக் இல்லாமல் விரலாலேயே வாசிப்பார். ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிதாரில் அப்படி வாசித்தால் பக்கத்து அறைக்காரருக்குக்கூடக் கேட்காது. பெருவிரலை பேஸ் ஸ்ட்ரிங்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள், மற்ற விரல்களால் வருடு. நகம் வளர்க்க வேண்டாம், சதையிலேயே நல்ல சத்தம் வரும். புது வீட்டில் பக்கத்து அறையில் ஆள் இருக்கிறார்கள்தானே? நீ வீடு மாறினதுகூடக் கௌதம் சொல்லித்தான் தெரியும்.

கடைசியாகப் பால் கெல்லி. இது இண்டி இல்லை, அதாவது சின்ன லேபிள்காரர்களின் பாட்டு இல்லை, அந்த நாட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். ‘ஹவ் டு மேக் கிரேவி’, 1996. சிறையில் இருக்கிற ஜோ, டானுக்கு டிசம்பர் 21ஆம் தேதி கடிதம் எழுதுகிறான். கிறிஸ்துமஸுக்கு யார் யார் வருவார்கள், வெயில் எப்படி இருக்கும், நான் இல்லாமல் கிரேவி யார் செய்வார்கள் என்று கேட்டுவிட்டு, செய்முறை சொல்கிறான். மாவு, உப்பு, கொஞ்சம் சிவப்பு ஒயின், இனிப்புக்கு ஒரு கரண்டி தக்காளி சாஸ். பல்லவியே கிடையாது, கடிதம் போலவே போய்க்கொண்டே இருக்கும். நடுவில் கட்டுப்பாடு உடைந்து மன்னிப்புக் கேட்கிற இடம் ஒன்று வரும். பாடும்போது அங்கே குரலை ஏற்றாதே. ஏற்றினால் நாடகமாகிவிடும். ஸ்ட்ரம்மை மட்டும் கொஞ்சம் பலமாக்கு, குரல் அப்படியே இருக்கட்டும்.

வரிசை முக்கியம். காலையில் ‘செயிண்ட்ஸ்’, ‘கிளீன்’. நடைக்கு ‘டிரிஃபிட்ஸ்’. ராத்திரி ‘சர்ச்’, பார்னெட். ‘கேட்டில் அண்ட் கேன்’ எப்போது வேண்டுமானாலும். ஷஃபிளில் போடாதே, சத்த அளவு ஒன்றுக்கொன்று ஏறுக்குமாறாக இருக்கும், அதைச் சரிக்கட்ட நீ வால்யூமை ஏற்றுவாய், காது போகும். ஆப்பில் நார்மலைசேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போட்டு வை. புதுசு வேண்டும் என்றால் ரேடியோவில் 102.1 வை, ‘ஃபோர் ட்ரிபிள் ஸெட்’. 1975இலிருந்து ஓடுகிற சமூக வானொலி, உள்ளூர்க் குழுக்களை அங்கேதான் போடுவார்கள். ஒரு மனிதக் குரலாவது அறையில் கேட்டுக்கொண்டிருக்கும்.

உனக்கு ராத்திரி ஒன்பது என்றால் எனக்கு மாலை நாலரை. அப்பா கிளம்பி லைப்ரரிக்குப் போயிருப்பார், நான் மட்டும்தான் இருப்பேன். ஒன்றும் பேச வேண்டாம். அந்தப் பதினொன்றை மட்டும் சொல்லிக் காட்டு, எங்கே தப்புகிறது என்று சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. காது பத்திரம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கௌதம் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், உன்னிடம் தருவான். ஸ்ட்ரிங் செட்டுக்கு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். செட் விலையைவிடக் கூடவே இருக்கும். திருப்பி அனுப்பாதே.