காதிரைச்சல் பற்றி மகனுக்கு

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்பு மகன் கதிருக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

மெல்பர்ன் கச்சேரியில் ஒலியமைப்பு செய்துவிட்டு வந்த இரவு முழுவதும் காது இரைந்ததாகவும், மறுநாள் மாலைக்குள் அடங்கிவிட்டதால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் அம்மாவிடம் சொன்னாயாம். இரைச்சல் அடங்கிவிட்டதாலேயே காது முழுதாகத் தேறிவிட்டது என்று எண்ணிவிடாதே, தம்பி. ஒலியை உணர்வதற்கென்று ஒவ்வோர் உட்செவியிலும் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. பேரொலியில் அவை சோர்ந்தால் மீளக்கூடும், செத்துவிட்டால் மறுபடி வளர்வதில்லை.

துவாஸ் கப்பல் பட்டறையில், எஃகுத் தகட்டின் துருவைத் தட்டி எடுக்கும் எந்திரங்களுக்கும் கிரைண்டர்களுக்கும் நடுவே வேலை பார்த்த எனக்கும் முதலில் இரவில் இரைந்து காலையில் அடங்கியது. பிறகு விடுப்பு நாள்களிலும் விடாமல், கடைசியில் நிலைத்தே போனது. பகலில் சாலைச் சத்தத்தில் தெரியாது. இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டால், குக்கர் விசில் வருவதற்கு முந்தைய சீற்றம் போல வலக்காதில் எழும். அதனால்தான் நம் வீட்டில் குளிர்ந்த மழை நாளிலும் உன் அம்மா விசிறியை நிறுத்துவதில்லை. செவித்திறனும் சேர்ந்தே குறைந்ததால், உன் அக்கா மகள் சொல்வது 'பசி'யா 'படி'யா என்று அறிய அவள் உதட்டைப் பார்க்கிறேன்.

இங்கே 2011ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகள் நாளுக்கு 8 மணி நேரத்திற்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும் என்று கணக்கிட்டால், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். உன் கச்சேரிகளோ மணிக்கணக்கில் நடக்கின்றன.

காதிரைச்சலை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. செவிப்புலன் கருவியும் மனத்தைப் பழக்கும் சிகிச்சையும் தொல்லையைக் குறைக்கும். எனக்கும் குறைத்தன, அவ்வளவே. ஆகவே இசைக்கலைஞர்களுக்கென்று காதின் அச்செடுத்துச் செய்யும் அடைப்பானை, விலையைப் பார்க்காமல் வாங்கிவிடு, பணம் நான் அனுப்புகிறேன். எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாழ்த்துவதால், அதை அணிந்துகொண்டே உன்னால் ஒலியைச் சரிபார்க்க முடியும். பஞ்சை நம்பாதே.

அடுத்த நிகழ்ச்சிக்கு முன் செவிப்பரிசோதனையும் செய்துகொண்டு, வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பு. பேரொலியின் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகில்தான் முதலில் பள்ளமாகத் தெரியும்; நான் அந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
அப்பா