பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் முன்பு போலத்தான். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவனே சொல்லியிருப்பான்.

வாட்ஸ்அப்பில் என்ன கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஆஸ்திரேலியாவில் நீ இருக்கிற பெர்த்துக்கும் இங்கே சிங்கப்பூருக்கும் ஒரே மணிதான். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கேயும் ஒன்பதுதான். லண்டனில் இருக்கிற பெரியப்பா மகனே ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான். சரி, அதை விடு. வார்டுக்கே நீ பொறுப்பு, உனக்கு நேரம் எங்கே? புளோக் கீழே யாராவது முதுகு வலி என்றால்கூட ‘என் மகளைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று அம்மா சொல்லிவிடுகிறாள். இரவு ஷிஃப்டுக்குப் போகும் முன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே.

பெர்த்துக்குத் தெற்கே பஸ்ஸல்டன் போய்வந்ததைக் கோப்பிக் கடையில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். என்னோடு உட்காருகிறவர்கள் எல்லாம் துறைமுகத்தில் வேலை செய்த பழைய போர்ட் ஆட்கள், லேசில் எதையும் நம்ப மாட்டார்கள். 1,841 மீட்டர் நீளத்துக்கு மரக் கால்களின்மேல் ஒரு படகுத்துறை, அதன்மேல் ரயில் ஓடுகிறது என்றேன். ‘தே ஓ குடித்தாயா, வேறு ஏதாவது குடித்தாயா?’ என்றார்கள். இங்கே நம் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கரையை ஒட்டியே ஆழம், கப்பல் வந்து சுவரோடு சுவராக நிற்கும். பஸ்ஸல்டன் இருக்கிற ஜியோகிராஃப் விரிகுடாவோ வெகுதூரத்துக்கு ஆழமே இல்லாத கடல். நீயும் பார்த்தாயே, கரையிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தும் தண்ணீரின் அடி மணல் தெரிந்துகொண்டே இருந்தது. 1865-இல் முதலில் திறந்தபோது அது 200 மீட்டர்கூட இல்லை. மணல் சேரச் சேர, பெரிய கப்பல்கள் வர வர, நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். 1960கள் வரைக்கும் அந்த வேலை நடந்திருக்கிறது. எல்லாம் அந்தப் பக்கத்துக் காட்டு ஜாரா மரத்தை ஏற்றி அனுப்பத்தான்.

உன் தாத்தா ரஜுலா கப்பல் ஏறிய கதை நினைவிருக்கிறதா? நாகப்பட்டினத்திலும் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளித்தான் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அலையில் படகு ஆடுகிறபோது தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன் என்பார். அந்த மரத்துறையில் ஒரு நுனி இருந்திருந்தால் நாகப்பட்டினத்தில் எத்தனை பெட்டி தப்பித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் மனதைவிட்டுப் போகவில்லை. பஸ்ஸல்டன் துறைமுகத்தை 1972-இல் மூடியிருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூன் 23ஆம் தேதிதான் இங்கே தஞ்சோங் பகாரில் ‘நிஹோன்’ வந்து நின்றது, நம் ஊருக்கு வந்த முதல் கொள்கலன் கப்பல். நான் அப்போது வேலைக்குப் புதிது. சாக்கு மூட்டை தூக்கிய ஆட்கள் எல்லாம் அந்த இரும்புப் பெட்டிகளைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்கள். இப்போது தஞ்சோங் பகாரிலும் அந்த வேலை இல்லை, துறைமுகமே கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே துவாஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் பஸ்ஸல்டன்காரர்கள் கெட்டிக்காரர்கள். கப்பல் நின்ற பிறகும் விடவில்லை. 1978-இல் ஆல்பி புயல் வந்து ஒரு பெரும் பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது. 1999-இல் தீப்பிடித்தது. ஊர் மக்களே பணம் திரட்டினார்கள், அரசாங்கமும் கொடுத்தது. சீர்செய்து 2011-இல் மறுபடி திறந்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

நடக்கிறபோது துறையைத் தாங்குகிற பழைய கால்மரம் ஒன்றைக் காட்டினேனே, நீ போனில் இருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். போர்ட்டில் இருந்தவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும். கப்பல் புழு என்போம். புழு என்று பெயர்தானே தவிர அது சிப்பி இனம். குட்டியாக இருக்கும்போது ஊசி முனை அளவு துளை போட்டு உள்ளே போய்விடும். பிறகு மரத்தைத் தின்றுகொண்டே உள்ளேயே வளரும். வெளியே பார்த்தால் மரம் முழுசாக நிற்கும், சுத்தியலால் தட்டினால்தான் சத்தம் மாறும். தட்டிப் பார்க்காமல் நல்லாத்தான் இருக்கிறது என்று மேலே சுமையை ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் உட்கார்ந்துவிடும். நான் மரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு வேலை என்று சொன்னாய். நீண்ட வார இறுதியில்கூட வேலை இருக்கிற கம்பெனிகள் இருக்கத்தான் செய்கின்றன. அவருக்கென்று அம்மா முறுக்கு சுற்றிக் கொண்டுவந்த நீல மூடி டப்பா, நாங்கள் கிளம்பும்வரை அடுப்படி மேல்தட்டில் பிரிக்காமலே இருந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. நான் இரண்டு முறுக்கை எடுத்துத் தின்றுவிட்டு மூடியைத் தளர்த்தி வைத்தேன், அவள் பார்த்தால் பிரித்ததாக இருக்கட்டும் என்று. முறுக்கு நமுத்துப் போயிருக்கும், தூக்கிப் போட்டுவிடு.

புளிச்சாதத்தையும் நீ தொடவில்லை. வழியில் பன்பரியில் நிறுத்தினோமே, அங்கே மூடியைத் திறந்து ஒரு வாய் வைத்துவிட்டு மூடினாய். முன்பெல்லாம் உனக்கும் தம்பிக்கும் அடியில் பிடித்த பருக்கைக்குச் சண்டை வரும். இளைத்துவிட்டாய். டயட் என்று சொல்லாதே, நானும் டயட் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

பேரனோடு துறை நுனியில் இருக்கிற கடலடிக் கூடத்துக்கு இறங்கினேன் அல்லவா? எட்டு மீட்டர் கீழே, சுழல் படியில். அம்மா மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு ஜன்னலிலும் மூக்கை ஒட்டி வைத்து, மூச்சுப் பனி படர்ந்தால் சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டுகிறான். கால்மரம் முழுக்க ஆரஞ்சும் ஊதாவுமாகப் பவளம். அவ்வளவு தெற்கே எப்படி என்று கேட்டேன். லீவின் நீரோட்டம் வடக்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவருகிறது என்று அங்கிருந்த பெண் சொன்னாள். அதைத் தமிழில் அவனுக்குச் சொன்னேன், புரிந்துகொண்டான். அவன் தமிழ் நன்றாக இருக்கிறது. அது உன் வளர்ப்பு. இங்கே இந்தியர் வட்டாரமான தேக்காவில் வளர்கிற பிள்ளைகள்கூட இப்படிப் பேசுவதில்லை.

கீழே நாங்கள் இருவரும் மீன்களைப் பற்றித்தான் பேசினோம். ‘தாத்தாவிடம் என்ன சொன்னாய்?’ என்று அவனைப் பிடித்துக் கேட்காதே. அவன் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பீட்சா சாப்பிடுகிற வீட்டில் நீச்சல்குளம் இருக்கிறது என்றான். உங்கள் வீட்டில் நீச்சல்குளம் இல்லை. பிள்ளைகள் கதை விடும், நீயும் அந்த வயதில் விட்டிருக்கிறாய். ‘அப்படியா, ஆழமா?’ என்று மட்டும் கேட்டேன். தாத்தா வந்தால் காட்டுகிறேன் என்றான். அவனைத் திட்டாதே பாப்பா.

நீ நடந்தே வருகிறேன் என்று சொல்லி நுனிவரை வந்து சேர்ந்தபோது கண் சிவந்திருந்தது. காற்று என்றாய். காற்று அடித்தது உண்மைதான், என் தொப்பியே பறந்துவிடப் பார்த்தது. ஆனால் காற்று எல்லோருக்கும்தானே அடித்தது?

நான் ஒன்றும் கேட்கவில்லை. படித்த பிள்ளை, பெரிய பொறுப்பில் இருக்கிறாய், உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று சொல்கிறேன். அத்தை பெட்டியோடு வந்த அன்று, பாட்டி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசினாள். அப்போது உனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும், என் பின்னால்தான் நின்றாய். அந்த வீட்டுக் கதவு வேறு, இந்த வீட்டுக் கதவு வேறு. இது என் பெயரிலும் அம்மா பெயரிலும் இருக்கிற வீவக அடுக்குமாடி வீடு, யாரையும் கேட்க வேண்டியதில்லை. உன் அறையில் அம்மாவின் தையல் மெஷினும் தம்பியின் சைக்கிளும் இருந்தன. தையல் மெஷினைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். சைக்கிளை விற்கச் சொல்லியிருக்கிறேன். கட்டில் ஒரு பக்கம் கிரீச் என்கிறது, அடுத்த வாரம் ஆணி அடிப்பேன். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, வெயிலில் அறை வீணாகக் கிடக்கிறது என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை, திரைச்சீலையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

ஜூலையில் பேரனுக்குப் பள்ளி விடுமுறை வருகிறது. அங்கே அப்போது குளிர், அவனுக்கு மூச்சிரைப்பு வேறு. விமானம் ஐந்து மணி நேரம்தான். டிக்கெட்டை நான் போடுகிறேன், பணத்தைப் பற்றிப் பேசாதே, ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த மசேநிதிப் பணம் மாதாமாதம் வருகிறது, நாங்கள் இரண்டு பேர் என்ன தின்கிறோம்? இரண்டு டிக்கெட்டா மூன்றா என்று மட்டும் சொல். மூன்று என்றால் மூன்று, இரண்டு என்றால் இரண்டு. காரணம் எழுத வேண்டாம். விலை ஏறுவதற்குள் சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு: பேரனின் பாஸ்போர்ட் காலாவதி தேதியைப் பார். இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். திரும்பிப் போகும் டிக்கெட்டை இப்போதைக்குத் தேதி மாற்றக்கூடியதாகப் போடுகிறேன், கூடுதல் காசு கொஞ்சம்தான்.