கிட்னி மாத்தினதுக்கு அப்புறம் நடக்குறதையும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கிட்னி மாற்று ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா போட்டோவோட செய்தி போடுறீங்க, சந்தோஷம். ஆனா அதே ஆள் அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி இருக்காரு, பத்து வருஷம் கழிச்சு எப்படி இருக்காருன்னு யாரும் எழுதுறதில்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

எங்க அண்ணனுக்கு அம்மா கிட்னி குடுத்தாங்க. மண்டபம் பக்கம் கடல் தொழில் பாத்தவரு. ஆபரேஷன் முடிஞ்சதும் ஊரே "இனி கவலை இல்ல"ன்னு சொல்லுச்சு, ஆனா கவலையோட ரூபம்தான் மாறுது. இப்பல்லாம் மொத வருஷம் நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல கிட்னி நல்லாவே வேலை செய்யுது, அதுக்கப்புறந்தான் கொஞ்சங்கொஞ்சமா தேயுது, உயிரோட இருக்கவங்க குடுத்த கிட்னி சராசரியா 15, 20 வருஷம் வரும், மூளைச்சாவு அடைஞ்சவங்களோடது 10லருந்து 15ன்னு சொல்றாங்க. அதை கூட்டுறதும் குறைக்கிறதும் பெரும்பாலும் மாத்திரையும் டெஸ்டும்தான்.

உடம்பு புது கிட்னியை வேத்தாளுன்னு தள்ளிடாம இருக்க குடுக்குற டாக்ரோலிமஸ் மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒருக்கா தவறாம போடணும். ரத்தத்துல அது எவ்வளவு இருக்குன்னு பாக்க காலை மாத்திரைக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும், அதனால ராத்திரி பஸ்ஸ புடிச்சு மதுரை போயி, மாத்திரையை சட்டைப் பையில வச்சுக்கிட்டு வரிசையில நின்னு, ரத்தம் குடுத்த பெறகு பச்சத்தண்ணியில முழுங்குவாரு அண்ணன். வரிசை நீண்டா மாத்திரை நேரமும் தள்ளிப் போகும். ராமேஸ்வரத்துலருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர் கிட்ட, ஒரு நாள் தொழிலும் போச்சு. அதனாலயே "உடம்பு நல்லாத்தான இருக்கு"ன்னு டெஸ்ட்டுக்குப் போறத விட்டுர்றாங்க எங்க சனங்க. உடம்பு கிட்னியைத் தள்ள ஆரம்பிக்கிறது வலிக்காது ஐயா, பல சமயம் ரத்தத்துல கிரியேட்டினின்ங்கற கழிவு ஏறுறதுதான் மொத அடையாளம்.

இன்னொன்னு, வலை இழுத்து இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னா மெடிக்கல்ல போயி வலி மாத்திரை கேட்டா உடனே குடுக்குறாங்க. டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை கிட்னிக்கு ஆகாதுங்கறது எத்தனை பேருக்குத் தெரியும்? டிபிக்கு குடுக்குற ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸ் அளவையே எறக்கிப்புடும், வேற நோய்க்கு வேற டாக்டர்ட்ட போனாலும் கிட்னி மாத்தினவங்கன்னு மொதல்ல சொல்லியாகணும். புது கிட்னியை முதுகுப் பக்கம் வைக்கிறதில்ல, அடிவயித்துல ஒரு பக்கமா வைக்கிறாங்க, படகு விளிம்புல இடிச்சா என்னாகும்னு அண்ணி தெனமும் பயந்தாங்க, அதான் இப்ப அண்ணன் கரையில வலை பின்னுறாரு. கருவாட்டையும் விட்டாச்சு, உப்பும் பிரஷரும் இதயத்தை கெடுக்கும்னு. கிட்னி நல்லா இருந்தும் ஹார்ட் அட்டாக்ல போறவங்க நெறைய. டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரைகளாலயே புதுசா சுகர் வர்றதும் உண்டு.

குடுத்தவங்களையும் மறந்துர்றோம். எங்க அம்மாவுக்கும் வருஷா வருஷம் பிரஷரும் யூரினும் பாக்கணும், கேட்டா "எனக்கென்ன"ம்பாங்க.

2008லருந்து மூளைச்சாவு உறுப்பு தானத்தை ஒழுங்கா நடத்துற மாநிலம் நம்மளோடது, 2023லருந்து தானம் செஞ்சவங்களுக்கு அரசு மரியாதையே உண்டு. அப்படி வந்த கிட்னி பஸ் செலவுக்குப் பயந்து வீணாகலாமா? அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, வயித்து வழியா டயாலிசிஸ் பண்றவங்களுக்கு அதுக்கான திரவப் பையும் குடுக்குறாங்க. அதே மாதிரி கிட்னி மாத்தினவங்களோட மாத்திரையையும் அதுல சேக்கணும், டாக்ரோலிமஸ் டெஸ்டுக்கு ரத்தத்தை காலையில ராமநாதபுரத்துலயே எடுத்து அனுப்புற ஏற்பாடு பண்ணணும். மதுரைக்கு ரத்தம் போகட்டும், ஆள் போக வேணாம். இதை நீங்க அடிக்கடி எழுதுனாத்தான் அதிகாரிங்க காதுல விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மண்டபம்