நீ கூப்பிட்டபோது நான் போனை எடுக்காத கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன திங்கட்கிழமை காலை நீ கூப்பிட்டபோது ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாய். அசந்து தூங்கிவிட்டேன் என்றேன். பொய். போனில் சொன்னால் பாதியிலேயே சண்டையாகிவிடும், அதனால்தான் எழுதுகிறேன். அந்த நேரத்தில் நான் இங்கே அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்து ஓசார்க் மலைப்பக்கம் ஒரு ஓக் மரத்தடியில், முகத்தில் வலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உன் டிராக்டர் தாத்தா, நம் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மடியில் துப்பாக்கி.

முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

வருஷா வருஷம் அவர் அண்ணனோடுதான் வான்கோழி வேட்டைக்குப் போவார். இந்த வருஷம் அண்ணன் இல்லை. வேலியோரம் நின்று, "சும்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், வர்றீங்களா?" என்று கேட்டார். எழுபது வயது மனுஷன் அப்படிக் கேட்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? உன் அம்மாவே "போயிட்டு வாங்க" என்றுவிட்டாள்.

மிசௌரியில் வசந்தகால வேட்டை ஏப்ரல் மூன்றாவது திங்களன்று தொடங்கும். மூன்று வாரம்தான். சேவலையோ, நெஞ்சில் குதிரைமுடி போலத் தாடி தொங்கும் பறவையையோதான் சுடலாம். தாடி உள்ளதும் அநேகமாகச் சேவல்தான். மூன்றரை மணிக்கே கிளம்பினோம். உண்ணிக்காகப் பேன்ட்டில் முதல் நாளே மருந்து அடித்து வைத்திருந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் டார்ச் அடித்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையின் நுனி தெரிந்தது. பிடுங்கி வண்டிக்குள் போட்டுவிட்டார். சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உண்டு. இருட்டில் இன்னொரு வேட்டைக்காரன் கண்ணுக்கு அந்த நுனியே வான்கோழித் தலையாகத் தெரிந்துவிடுமாம். சாய்ந்து உட்காரவும் நம் தோளைவிட அகலமான மரமாகத்தான் பார்க்க வேண்டுமாம், முதுகுக்குக் காவலாக. அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் எங்கே வரும்!

வெளுக்கத் தொடங்கியபோது ஆந்தை மாதிரி ஒருமுறை கத்தினார். மேட்டு மரத்திலிருந்து உடனே களகளவென்று பதில் வந்தது. ராத்திரி மரத்தில் அடைகிற பறவை அது. திடீரென்று எந்தச் சத்தம் கேட்டாலும் தன்னையறியாமல் பதில் கொடுத்து, இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பையிலிருந்து ஒரு சாண் நீள மரப்பெட்டியை எடுத்தார். மூடியின் அடியில் சாக்பீஸ் தேய்த்து, பெட்டியின் விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தார். அசல் பெட்டைக்கோழி. மூன்று இழுப்புதான், கீழே வைத்துவிட்டார். வழக்கமாகப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகுமாம். நாம் சேவலை இங்கே வரச்சொல்கிறோம். ஓயாமல் கூப்பிட்டால், "அவளே வரட்டும்" என்று அது நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

எனக்கு என் அப்பா, உன் அய்யா, ஞாபகம் வந்துவிட்டது. சிவகங்கைப் பக்கம் கருவேலங்காட்டில் அவர் பார்வைக் கௌதாரி வைப்பார். கூண்டுக்குள் இருக்கிறது கத்தும், காட்டுக் கௌதாரி சண்டைக்கு வந்து கண்ணியில் மாட்டும். நான் இருமினால் தொடையில் கிள்ளுவார். அதைத் தடுக்கும் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது, எங்கள் ஊர் வந்து சேரத்தான் பத்து வருஷம் ஆயிற்று. இத்தனை வயதில், வேறொரு காட்டில், இருமல் வந்துவிடுமோ என்று அதே பயத்தோடு எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்கு மேல் வந்தது பாப்பா. முதலில் சத்தம்தான். 'ட்ஷ்' என்று ஒரு துப்பல், அதைத் தொடர்ந்து அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி ஒரு உறுமல். பிறகு டாக்வுட் பூக்களுக்குப் பின்னால் வாலை விரித்துக்கொண்டு வந்து நின்றது. வெயில் படப்படச் செம்பு, பித்தளை, பச்சை என்று மாறிமாறி மின்னியது. இறக்கை நுனி இலைச் சருகில் உரசுவதுகூடக் கேட்டது. மயிலைப் பார்த்துத் தானும் ஆடிய வான்கோழி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, பாவம், அந்தப் பறவைக்கு நாம் அநியாயம் செய்துவிட்டோம். அது யாரையும் பார்த்து ஆடவில்லை.

ஐம்பது கஜம் இருக்கும். நாற்பதுக்குள் வந்தால்தான் சுடுவேன் என்று தாத்தா முன்பே சொல்லியிருந்தார். அது இன்னும் நாலடி எடுத்து வைத்தது. அப்போதுதான் என் பேன்ட் பையில் 'ர்ர்ர்' என்று அதிர்ந்தது. பழக்க தோஷம், கை தானாகப் பைக்குப் போயிற்று. 'புட்' என்று ஒரே ஒரு சத்தம். விரித்த வால் மடங்கியது, பறவையைக் காணோம்.

தாத்தா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். "பொண்ணா?" என்றார். தலையாட்டினேன். "எடுங்க, காத்திட்டிருப்பா" என்றார். எடுத்தால் எங்கே இருக்கிறேன் என்று கேட்பாய். அதனால்தான் எடுக்கவில்லை. வேட்டை கெடுமே என்று இல்லை, அது ஏற்கெனவே கெட்டுவிட்டது.

திரும்பும் வழியில் அவர் பழைய கதை சொன்னார். 1950 வாக்கில் இந்த மாநிலத்திலேயே வான்கோழி அற்றுப்போகிற நிலையாம். காட்டுப் பறவைகளையே வலை வீசிப் பிடித்து, ஒவ்வொரு மாவட்டமாகக் கொண்டுபோய் விட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். பிறகு 1960-ல்தான் மறுபடி வசந்தகால வேட்டைக்கு அனுமதி. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி 1937 சட்டப்படி காட்டுயிர்களுக்கே போகிறது என்றும் சொன்னார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஒன்றைக் கொல்வதற்காகவே அதைப் பெருக்குவது என்ன கணக்கு என்று நீ கேட்பாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது விழுந்திருந்தால் நானும் உட்கார்ந்து இறகு பிடுங்கியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. இதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

வெறுங்கையோடு வரவில்லை. சாய்ந்து கிடந்த ஒரு எல்ம் மரத்தடியில் மொரெல் காளான் ஐந்து கிடைத்தது, தேன்கூடு மாதிரி குழிகுழியாக. மூன்றை நமக்குக் கொடுத்துவிட்டார். அம்மா நன்றாக வேகவிட்டு மிளகு போட்டு வதக்கினாள். நீ இருந்தால் தைரியமாகச் சாப்பிட்டிருக்கலாம்.

இந்தச் சனிக்கிழமையும் கூப்பிட்டிருக்கிறார். போவது உறுதி. போனை வண்டியிலேயே விட்டுப் போவதா, பையில் வைத்துக்கொள்வதா என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்புடன்,
அப்பா