தைராய்டுனா வெயிட் போடுறது மட்டும் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தைராய்டு கம்மின்னா உடம்பு போடும், முடி கொட்டும், அவ்ளோதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. எங்க அக்காவும் அப்படித்தான், குரல் கம்மி, முகம் ஊதி, மோதிரம் விரல்ல இறுகிப்போய் சோப்பு போட்டுத்தான் கழட்டினோம், அப்பக்கூட வயசாகுதுன்னு விட்டுட்டா, கடைசில டெஸ்ட் எடுத்தா டிஎஸ்ஹெச் (தைராய்டு கம்மியானா ரத்தத்துல ஏறுற அளவு) எக்கச்சக்கம், கூடவே கொலஸ்ட்ராலும் பிபியும் ஏறியிருக்கு.

தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா ஈரல் ரத்தத்துல இருக்கற எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பை சரியா இழுக்காது, அது ரத்தக்குழாய்ல படியும், குழாயும் விறைச்சுப்போகும், அப்படியே வருஷக்கணக்கா விட்டா ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் ரிஸ்க் கூடும். மனச்சோர்வு, குழந்தை தங்காம போறதுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல தண்ணியோட போடணும், சாப்பாட்டுக்கு அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரம் முன்னாடி. கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி வேணும், இதை எங்களுக்கு யாருமே சொல்லல! அதுக்காக டோஸை நீங்களா கூட்டிடாதீங்க, அதிகமானா இதயத்துடிப்பு தாறுமாறாகி அதுவே ஸ்ட்ரோக்ல கொண்டு விடலாம். டோஸ் மாத்தினா 6-8 வாரத்துல மறுபடி ரத்தம் குடுத்து பாருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி