செஞ்சிக் கோட்டை ஏறுறவங்களுக்குக் குடிதண்ணி வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க சுற்றுலாப் பக்கத்துல செஞ்சிக் கோட்டை பத்தி வந்திருந்துச்சு. படமெல்லாம் அருமை, ஆனா மலை ஏறுறது பத்தி ஒரே வரியோட முடிச்சிட்டீங்க, அதனாலதான் இந்த லெட்டர்.

தை மாசக் கடைசில நானும் எங்கம்மாவும் ஏழாவது படிக்கிற என் பொண்ணும் போயிருந்தோம். அம்மாவுக்கு 61 வயசு. சின்ன வயசுல தேசிங்கு ராஜா கதைய விடிய விடிய தெருக்கூத்துல பாத்தவங்க, சாகுறதுக்குள்ள ஒரு தடவ கோட்டையோட பெரிய மலையான ராஜகிரி உச்சிக்குப் போயிடணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாங்க. கல்யாண மகால், நெற்களஞ்சியம் எல்லாம் கீழயே சுத்திப் பாத்துட்டு ஏற ஆரம்பிக்கும்போது மணி பத்தரை ஆயிடுச்சு, அதுதான் நாங்க பண்ண தப்பு. மலை 800 அடி ஒசரம், படி ஒவ்வொண்ணும் ஒரு அளவு, கல்லு அதுக்குள்ள சுட ஆரம்பிச்சிருச்சு. கமலக்கண்ணியம்மன் கோயில் தாண்டறதுக்குள்ள ஒரு பாட்டில் காலி, இன்னொன்ன குரங்கு புடுங்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம் வழில எங்கயும் குடிக்கத் தண்ணி இல்ல. அம்மாவுக்குத் தலை சுத்த ஆரம்பிச்சு ஒரு கல்லுல உக்காந்துட்டாங்க, எனக்கு கை கால் ஓடல. மேல இருந்து எறங்கி வந்த காலேஜ் பசங்க நாலு பேரு அவங்க கிட்ட மிச்சம் இருந்த தண்ணிய அப்படியே குடுத்துட்டுப் போனாங்க. அந்தப் புள்ளைங்க நல்லா இருக்கணும்.

அரை மணி நேரம் கழிச்சு அம்மா தானே எந்திரிச்சு ஏறுனாங்க. உச்சிக்குக் கொஞ்சம் கீழ ஒரு பெரிய பாறை வெடிப்பு, அதுமேல சின்னப் பாலம், அந்தப் பாலத்த எடுத்துட்டா மேல யாருமே வர முடியாது. அதைக் கடந்து ரங்கநாதர் கோயில் கிட்ட நின்னப்போ அடிச்ச காத்து இருக்கே! எதிர்ல கோட்டையோட இன்னொரு மலை கிருஷ்ணகிரி, கீழ கல்யாண மகால் பொம்மை மாதிரி தெரியுது. அம்மா ஒண்ணும் பேசல, கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

அங்க வச்சுதான் பொண்ணு கேட்டா. சிவாஜி 1677ல புடிச்ச கோட்டை, அப்புறம் அவர் மகன் ராஜாராம் இங்க இருந்தப்போ மொகலாயப் படை 1690ல இருந்து 1698 வரைக்கும் சுத்தி வளச்சு நின்னுதுன்னு சொன்னேன். "அப்போ எட்டு வருஷம் தண்ணிக்கு என்னம்மா பண்ணாங்க?"ன்னா. அதான் விஷயமே. மலைமேலயே சுனை, மழைத்தண்ணி புடிக்கிற குளம், கீழ ஆனைக்குளம், செட்டிகுளம், சக்கரகுளம், அரண்மனைக்குள்ள மண் குழாய் வழியா தண்ணி. அவ்ளோ யோசிச்சுக் கட்டிருக்காங்க, இன்னைக்கு அதே மலைல ஏறுற வயசானவங்களுக்கு ஒரு வாய் தண்ணி வைக்க நம்மளால முடியல.

2025ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல செஞ்சி வந்துச்சு, அதுல சேத்த மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12ல மகாராஷ்டிராவுக்கு வெளிய இருக்கிறது நம்ம செஞ்சி மட்டும்தான். கூட்டம் இன்னும் வரும். பாதி வழில ரெண்டு எடத்துல குரங்கு தொறக்க முடியாத மாதிரி குடிதண்ணிக் குழாய், உக்கார நிழல், இவ்ளோதான் கேக்குறேன். தண்ணி கெடைச்சா பிளாஸ்டிக் பாட்டிலும் கொறையும், நாங்க பாத்த ஒரு சுனைல தண்ணியவிட பாட்டில்தான் அதிகமா மெதந்துச்சு, மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

அடுத்த தடவ கோட்டை பத்திப் போடும்போது காலைல வெயிலுக்கு முன்னாடியே ஏறச் சொல்லுங்க, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி பைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. முடிஞ்சா இந்த லெட்டர அக்னி நட்சத்திரம் வர்றதுக்குள்ள போட்டுருங்க, பள்ளிக்கூட லீவுல நெறைய குடும்பங்க கெளம்பும்.

இப்படிக்கு,
உங்க வாசகி, திருவண்ணாமலை